மாரிசன் பாறைகளும் அவற்றுள் கிடக்கும் டைனோசர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரிசன் என்பது ஊரா, மலையா, பாறையா?

ஊரின் பெயர்தான் பாறைக்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்கு மேற்கே ராக்கி மலையடிவாரத்தில் மாரிசன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1877இல் ஆர்தர் லேக்ஸ் என்ற ஆசிரியர் அங்கே ஒரு குன்றுச் சரிவில் பெரிய பெரிய எலும்புகளைக் கண்டார். பிறகு நிலவியலாளர்கள் அந்த அடுக்கைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, அது வடக்கே மொன்டானா, தெற்கே நியூ மெக்சிகோ, மேற்கே யூட்டா, கிழக்கே ஒக்லஹோமா என்று விரிந்துகொண்டே போனது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 15 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் பதினொரு மடங்கு.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி பிற்காலப் பாறைகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மலை எழும்பியபோது விளிம்பு நிமிர்ந்த இடங்களிலும், ஆறு அறுத்த பள்ளத்தாக்குகளிலும் மட்டும் நாடா நாடாவாக வெளியே தெரிகிறது. சாம்பல், பச்சை, கத்தரிப்பூ, செங்காவி என்று பட்டைகட்டிய மொட்டைக் குன்றுகள், மேலே சோளப்பொரி கொட்டியதுபோல் உதிரி மண்: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் மாரிசன்தான்.

அந்தச் சோளப்பொரி மண் எங்கிருந்து வந்தது?

எரிமலைச் சாம்பலிலிருந்து. மேற்கே இருந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் காற்றில் வந்து ஆற்றுச் சமவெளியில் படிந்தது. காலப்போக்கில் பெண்டோனைட் என்ற களியாக மாறியது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நம் கரிசல் மண்ணும் இதே குணம் கொண்டதுதான். கரிசல் காட்டில் வீடு கட்டிச் சுவர் விரிசல் கண்டவர்களுக்கு மாரிசனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழே வரும் பதில்களில் இந்தக் களி திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

வயது எவ்வளவு? அதை எப்படிக் கணக்கிட்டார்கள்?

ஏறத்தாழ 15.6 கோடி முதல் 14.7 கோடி ஆண்டுகள் வரை. ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதி.

எலும்பை வைத்து நேரடியாக வயது சொல்வதில்லை. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுக்குமேல் உதவாது. அதைக் கொண்டு டைனோசருக்கு வயது பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாம்பலோடு வந்து விழுந்த சிர்க்கான், சானிடின் போன்ற நுண்படிகங்கள்தான் கடிகாரம். சிர்க்கானுக்குள் இருக்கும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்பதையும், சானிடினுக்குள் பொட்டாசியம் சிதைந்து எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்பதையும் அளக்கிறார்கள். எலும்புக்கு மேலே ஒரு சாம்பல் அடுக்கு, கீழே ஒரு சாம்பல் அடுக்கு கிடைத்தால் அந்த விலங்கு வாழ்ந்த காலம் இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும்.

இதில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆறு பழைய பாறையை அரித்து, அதிலிருந்த சிர்க்கானையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து போடும். அந்தப் பழைய மணியை அளந்தால் அடுக்கு உண்மையைவிட மூத்ததாகத் தெரியும். அதனால்தான் ஒன்றிரண்டு மணிகளோடு நிறுத்தாமல் பலவற்றை அளக்கிறார்கள்.

இவ்வளவு எலும்பு ஏன் இங்கே சேர்ந்தது?

விலங்குகள் அதிகம் இருந்ததால் மட்டுமில்லை. செத்த உடல் கெடாமல் தங்க வேண்டுமென்றால் சீக்கிரம் மூடப்பட வேண்டும். மாரிசன் அன்று பரந்த வெள்ளச் சமவெளி. ஆண்டின் ஒரு பகுதியில் மழை, மீதி நாளெல்லாம் வறட்சி. வறட்சியில் வற்றிய ஆற்றோரம் விலங்குகள் குவிந்து சாகும். அடுத்து வரும் வெள்ளம் உடல்களை உருட்டிக்கொண்டு போய் மணல் திட்டில் ஒதுக்கி, மேலே மணலையும் போட்டு மூடும். யூட்டாவின் கார்னகி அகழ்விடம் அப்படிப்பட்ட ஒரு திட்டுதான். அங்கே நீளமான எலும்புகள் பல, நீரோட்டத்தின் திசைக்கு ஏற்பக் கிடக்கின்றன.

அதற்குப் பிறகு நிலத்தடி நீர் தன் வேலையைச் செய்தது. எலும்பின் நுண்துளைகளில் சிலிக்காவும் கால்சைட்டும் படிந்து இறுகின. இதனால்தான் மாரிசன் எலும்பு பல இடங்களில் தன்னைச் சுற்றிய களியைவிடக் கெட்டியாக இருக்கிறது.

அன்று அந்த நிலம் எப்படி இருந்தது? காடா?

ஆற்றோரத்தில் ஊசியிலை மரங்கள், ஜிங்கோ. சற்றுத் தள்ளி பெரணிகளும் சைக்காடுகளும் கொண்ட திறந்தவெளி. புல் இல்லை. பூவும் இல்லை. படங்களில் டைனோசர் காலடியில் பச்சைப் புல்வெளி வரைந்திருந்தால் அது ஓவியர் போட்டுக்கொடுத்த பாய்.

எந்தெந்த டைனோசர்கள் கிடைக்கின்றன?

தாவர உண்ணிகளில் நீள்கழுத்துக்காரர்கள்தான் இங்கே ராஜாக்கள். அதிகம் கிடைப்பது காமராசாரஸ்: குட்டையான முகம், கரண்டி வடிவப் பல். டிப்ளோடோகஸ் ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், ஆனால் உடல் ஒல்லி; பற்கள் பென்சில்போல் வாயின் முன்பக்கம் மட்டும். அபடோசாரஸ் நீளத்தில் அதைவிடக் குறைவு, எடையில் அதிகம், கழுத்தெலும்பின் பருமனே தனி. பிராக்கியோசாரஸுக்கு முன்னங்கால் பின்னங்காலைவிட நீளம். 1900இல் கொலராடோவில் தோண்டியெடுக்கப்பட்டு 1903இல் பெயரிடப்பட்டது, இன்றுவரை அரிதாகவே கிடைக்கிறது. பரோசாரஸ், சூப்பர்சாரஸ் போன்றவையும் இதே கூட்டம்தான். இத்தனை ராட்சதர்கள் ஒரே சமவெளியில் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்குப் பற்களே பாதி விடை சொல்கின்றன: கரண்டிப் பல் முரட்டு இலைக்கு, பென்சில் பல் மென்தழையை உருவித் தின்ன.

ஸ்டெகோசாரஸின் முதுகில் 17 முதல் 22 வரை தட்டுகள், வால் நுனியில் நான்கு முட்கள். முட்கள் அலங்காரம் இல்லை. ஓர் அல்லோசாரஸின் வால் எலும்பில் ஸ்டெகோசாரஸ் முள் துளைத்த காயம் இருக்கிறது.

ஊனுண்ணிகளில் அல்லோசாரஸ் எங்கும் உண்டு. வளர்ந்தது எட்டு ஒன்பது மீட்டர். மூக்கில் கொம்புள்ள செரடோசாரஸும், தடித்த உடல்கொண்ட டார்வோசாரஸும் குறைவு. இவற்றின் காலடியில் ஃப்ரூட்டடென்ஸ் என்ற ஒன்று ஓடித்திரிந்தது: நீளம் முக்கால் மீட்டருக்குள், எடை ஒரு கிலோவுக்கும் கீழ். அருங்காட்சியகத்தில் யாரும் அதன் முன் நிற்பதில்லை. நிற்க வேண்டியது அதன் முன்தான் என்பது எங்கள் கட்சி, ஏனென்றால் இவ்வளவு சிறிய எலும்பு பிழைத்து வருவதுதான் அபூர்வம்.

டி. ரெக்ஸ்?

இல்லை. அது சுமார் 8 கோடி ஆண்டுகள் கழித்து வந்தது.

பிராண்டோசாரஸ் என்று ஒன்று உண்டா, இல்லையா? ஒவ்வொரு நூலும் ஒன்று சொல்கிறதே?

குழப்பத்துக்குக் காரணம் அவசரம். யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷும் ஃபிலடெல்ஃபியாவின் எட்வர்ட் கோப்பும் ஒருவரையொருவர் முந்துவதற்காகக் கைக்குக் கிடைத்த துண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்த காலம் அது. மார்ஷ் 1877இல் அபடோசாரஸ் என்றார். 1879இல் வயோமிங் மாநிலத்தின் கோமோ பிளஃப் மேட்டிலிருந்து வந்த இன்னொரு எலும்புக்கூட்டுக்குப் பிராண்டோசாரஸ் என்றார். 1903இல் எல்மர் ரிக்ஸ் இரண்டையும் ஒப்பிட்டு, முதலாவது இளம் விலங்கு, இரண்டும் ஒரே இனக்குழு, ஆகவே முந்திய பெயரே செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். 2015இல் சோப், மதேயுஸ், பென்சன் மூவரும் இக்குடும்பத்தின் எலும்புகளை நுணுக்கமாக ஒப்பிட்டு, இரண்டையும் மறுபடி பிரித்தார்கள். இன்று பலர் இதை ஏற்கிறார்கள், எல்லோரும் இல்லை.

தலை விஷயம் வேறு. பழைய எலும்புக்கூட்டுக்குத் தலை கிடைக்காததால் காமராசாரஸ் சாயலில் ஒரு தலையை வைத்துவிட்டார்கள். 1970களில்தான் டிப்ளோடோகஸ் சாயல் தலையே சரி என்று நிறுவி மாற்றினார்கள். கழுத்தும் தலையும் சேரும் மூட்டு மெலிந்தது. உடல் அழுகும்போது முதலில் கழன்று போவது தலைதான். அதனால்தான் நீள்கழுத்து டைனோசர்களில் பாதிப் பஞ்சாயத்து தலையைப் பற்றியதாகவே இருக்கிறது.

ஓர் இடத்தில் அல்லோசாரஸ் மட்டும் குவிந்து கிடக்கிறதாமே?

யூட்டாவில் கிளீவ்லாந்து-லாயிட் அகழ்விடம். 12,000க்கும் மேற்பட்ட எலும்புகள். குறைந்தது 74 விலங்குகள். அவற்றில் குறைந்தது 46 அல்லோசாரஸ். இயல்பான காட்டில் ஒரு புலிக்கு நூற்றுக்கணக்கில் மான் இருக்கும். இங்கே கணக்குத் தலைகீழ். சேற்றில் சிக்கிய இரையைத் தின்ன வந்து தாமும் சிக்கின என்பது பழைய விளக்கம். ஆனால் சேற்றில் சிக்கிய கால்கள் நின்ற நிலையில் இருக்க வேண்டும். இங்கே எலும்புகள் கலைந்து கிடக்கின்றன. கடித்த தடமும் குறைவு. அழுகிய உடல்களால் நீர் நஞ்சாகி, வேறு எதுவும் நெருங்காத குட்டையில் வெள்ளம் தவணை தவணையாகப் பிணங்களைக் கொண்டு சேர்த்தது என்ற விளக்கம் பாறையின் வேதியியலோடு ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனாலும் ஏன் அத்தனையும் அல்லோசாரஸ் என்பதற்கு அதுவும் முழு விடை இல்லை.

தரையில் கிடப்பது எலும்பா, வெறும் கல்லா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்பென்றால் வெளியோரம் நெருக்கமாகவும் உள்ளே பஞ்சு அல்லது தேன்கூடுபோலவும் இருக்கும். கல்மரத்தில் ஒரே திசையில் ஓடும் நார் தெரியும். கைக்கண்ணாடி பத்து மடங்கு பெருக்கினால் போதும். நாக்கில் வைத்தால் எலும்பு ஒட்டும் என்று ஒரு வித்தை சொல்வார்கள்; நுண்துளை ஈரத்தை உறிஞ்சுவதால் ஒட்டுவது உண்மை, ஆனால் காய்ந்த களியும் அதேபோல் ஒட்டும். மேலும் மாரிசன் எலும்பில் யுரேனியம் இருக்கலாம். நாக்கை அதனிடம் கொண்டுபோக வேண்டாம்.

கண்ட துண்டை எடுத்துவிடாதீர்கள். துண்டுகள் மேட்டிலிருந்து உருண்டு வந்தவை. சரிவில் மேலே ஏறிக்கொண்டே போய், துண்டுகள் எந்த மட்டத்தோடு நின்றுபோகின்றன என்று பார்த்தால் அங்கேதான் மூலம். கீழே கிடந்ததை எடுத்துவிட்டால் மேலே போகும் தடம் அழிந்துபோகும்.

தோண்டியெடுப்பது எப்படி?

முதலில் மேல்மண்ணைக் கடப்பாரை, பிக்காசு கொண்டு அகற்றுவார்கள். எலும்புக்கு ஒரு சாண் மேலே இவை நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு குத்தூசி, பல்மருத்துவக் கருவி, தூரிகை. ஒரு மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு எலும்பும் எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்று வரைந்த பிறகே அசைக்க வேண்டும். இந்தப் படம் இல்லாத எலும்பு, சாமான்கடைப் பொருள்.

விரிசல் கண்ட எலும்புக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசினை ஊற்றுவார்கள். உள்ளே இறங்க வேண்டுமானால் நீர்த்த கரைசல், நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். உடைந்ததை ஒட்ட வேண்டுமானால் பாகுபோல் கெட்டியாக. எலும்பு ஈரமாக இருக்கும்போது ஊற்றினால் மேலே வெள்ளைப் படலம் கட்டிக்கொள்ளும், உள்ளே இறங்காது. காயவிட்டு ஊற்றுங்கள். சூப்பர் குளூ வேகமாகப் பிடிக்கும், ஆனால் பின்னாளில் பிரித்தெடுப்பது பெரும்பாடு; பாராலாய்டை அசிட்டோன் விட்டு எப்போதும் கரைத்துவிடலாம்.

தண்ணீரை ஊற்றிக் களியை இளக்கலாமே என்று தோன்றும். பெண்டோனைட்டில் அதைச் செய்தால் களி உப்பி, உள்ளிருக்கும் எலும்பைத் துண்டு துண்டாக நொறுக்கிவிடும்.

அடுத்து மாவுக்கட்டு. கை உடைந்தால் போடும் அதே கட்டுதான். எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, எலும்பு ஒரு பாறைத் தூணின் மேல் நிற்பதுபோல் ஆக்க வேண்டும். மேலே ஈரமாக்கிய டாய்லெட் பேப்பரைப் பல மடிப்பு ஒட்ட வேண்டும். இதை விட்டால் மாவு எலும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் கட்டைப் பிரிக்கும்போது எலும்பின் மேல்தோலும் சேர்ந்து வரும். பிறகு வாளியில் பாதி தண்ணீர் எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். மாவு நீர்மட்டத்துக்கு மேல் திட்டுத் திட்டாக நிற்கும்போது நிறுத்திக் கையால் கலக்க வேண்டும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு சாண் அகலச் சாக்குத்துணிப் பட்டைகளை நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு. பட்டை தூணின் இடுப்புக்கும் கீழே வளைந்து பிடிக்க வேண்டும். பெரிய கட்டுக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள்.

காய்ந்ததும் கீழே குடைந்து, ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். அதிகம் கெடுவது இங்கேதான். பட்டை கீழே வளையாமல் நேராக நின்றிருந்தால், புரட்டும்போது கவிழ்த்த குடத்திலிருந்து நீர் கொட்டுவதுபோல் பாறையும் எலும்பும் கொட்டிவிடும். எடையையும் குறைத்து மதிப்பிடுவார்கள். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் கனம் என்றால் சின்னதாகத் தோன்றும். அதன் எடை கிட்டத்தட்ட 600 கிலோ. புரட்டியபின் அடிப்பக்கத்தையும் மூடி, கட்டின் மேலேயே எண், வடதிசை அம்பு, மேல்பக்கம் எது, தேதி எல்லாம் எழுத வேண்டும். தனித்தாளில் எழுதினால் தாள் தொலையும்.

ஒரு மாதம் தோண்டியதை ஆய்வகத்தில் சுத்தம் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

எலும்பில் கதிரியக்கம் இருப்பது உண்மையா?

உண்மை. நிலத்தடி நீரில் கரைந்து வந்த யுரேனியம் மக்கிய மரத்திலும் எலும்பிலும் படிந்தது. மாரிசனின் சால்ட் வாஷ் என்ற மணற்கல் பகுதியில் யுரேனியச் சுரங்கங்களே இருந்தன. இது பயனாகவும் அமைந்தது: யூட்டாவிலும் கொலராடோவிலும் பரந்த டைனோசர் தேசிய நினைவிடத்தில் தலையில்லாமல் தோண்டியெடுத்த ஓர் அல்லோசாரஸின் மண்டையோட்டை, 1996இல் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டு தேடிப் பிடித்தார்கள். அந்த விலங்குக்கு 2020இல் அல்லோசாரஸ் ஜிம்மாட்செனி என்று பெயர் சூட்டப்பட்டது.

பார்வையாளருக்கு ஆபத்தில்லை. நூற்றுக்கணக்கான எலும்புகளை அடைத்த மூடிய கிடங்கில், யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும் என்பதால் அங்கே காற்றோட்டம் கட்டாயம்.

ஒரு துண்டு எடுத்துவரலாமா?

அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் எச்சம் எதையும், கால்நக அளவுத் துண்டானாலும், அனுமதி பெற்ற ஆய்வாளர் தவிர யாரும் எடுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. தேசியப் பூங்காவில் எதையுமே எடுக்கக் கூடாது. கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் நிலத்தில் சாதாரணச் சிப்பி, இலைப்படிவம் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம். கல்மரம் நாளொன்றுக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டுக்குள். இவை எதையும் விற்கக் கூடாது.

தனியார் நிலத்தில் கிடைத்தது நிலத்துக்காரருடையது, விற்கலாம். அப்படிக் கிடைத்த ஒரு ஸ்டெகோசாரஸ் 2024 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 4.46 கோடி டாலருக்குப் போனது. வேலி எங்கே முடிகிறது என்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1991இல் வயோமிங்கில் கிடைத்த ‘பிக் அல்’ என்ற அல்லோசாரஸ் சாட்சி. தனியார் குழு ஒன்று தோண்டிக்கொண்டிருந்த இடம் அரசு நிலம் என்று தெரியவர, வேலை அருங்காட்சியகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கைமாறியது. அந்த விலங்கின் 19 எலும்புகளில் முறிவோ சீழ்ப்பிடித்த தடமோ உண்டு.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஒரே இடம்தான் என்றால், டைனோசர் தேசிய நினைவிடத்தின் அகழ்விடக் கூடம். மேலே சொன்ன கார்னகி அகழ்விடம் இதுதான். 1909 ஆகஸ்ட் 17 அன்று ஏர்ல் டக்ளஸ் அங்கே அபடோசாரஸின் எட்டு வால் எலும்புகளைக் கண்டார். 1915இல் அது நினைவிடமானது. சாய்ந்து நிற்கும் மணற்கல் சுவரில் ஏறத்தாழ 1,500 எலும்புகளை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழ்வரிசை எலும்புகளைக் கையால் தொடலாம். 1950களில் கட்டிய முதல் கூடத்தின் அடித்தளம் களி உப்பிச் சுருங்கியதால் பிளந்து, 2006இல் மூட வேண்டியதாயிற்று. உறுதியான பாறைவரை எஃகுத் தூண் இறக்கிச் சீரமைத்து 2011இல் திறந்தார்கள்.

வழி தவறுபவர்கள் அதிகம். நினைவிடம் இரண்டு மாநிலங்களில் பரந்தது. கொலராடோவில் டைனோசர் என்றே பெயர்கொண்ட ஊர் வழியாகப் போனால் அழகான பள்ளத்தாக்கு கிடைக்கும், எலும்பு கிடைக்காது. எலும்புச் சுவர் யூட்டா பக்கம், ஜென்சன் ஊருக்கு வடக்கே.

டென்வர் வழியாகப் போகிறவர்களுக்கு மாரிசன் ஊரருகே டைனோசர் ரிட்ஜ். அதில் ஒரு சூட்சுமம்: மேற்குச் சரிவில் தெரியும் எலும்புகள்தான் ஜுராசிக். கிழக்குச் சரிவின் காலடித் தடங்கள் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தவை. ஜுராசிக் தடங்களே வேண்டுமென்றால் தென்கிழக்குக் கொலராடோவின் பர்கட்வார் ஆற்றங்கரை; 1,300க்கும் மேற்பட்ட தடங்கள், போக வர ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நடை, வழியில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை.

மண்சாலையில் போவதானால் மழை பெய்த அன்று போகாதீர்கள். பெண்டோனைட் சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டால் நான்கு சக்கர விசை வண்டியும் நகராது. காயும்வரை காத்திருப்பதே வழி.

இந்தியாவில் இதுபோல் உண்டா? அரியலூர் இந்த வகைதானே?

அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, பெரும்பாலும் கடலடியில் படிந்தவை. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் சிப்பியும் ஏராளம். அங்கே கல்லமேட்டில் கிடைத்து 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர்பெற்ற பிரம்மாண்ட எலும்புகள் பாதுகாக்க முடியாமல் உதிர்ந்துபோயின. இன்று படங்களும் அளவுகளும்தான் மிச்சம்.

ஜுராசிக் வேண்டுமென்றால் கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைகள். மாரிசனைவிட மூத்தவை. அங்கே கிடைத்த பாராபாசாரஸ் டாகோரியின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், கோட்டாசாரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்திலும் நிற்கின்றன. 2023இல் ஜெய்சல்மேர்ப் பாறையிலிருந்து அறிவிக்கப்பட்ட தரோசாரஸ், 16.7 கோடி ஆண்டு பழையது. டிப்ளோடோகஸுக்கு மூத்த பங்காளி என்றே சொல்லலாம்.